லிப்பிடுகள் (கொழுப்பு, எண்ணெய், கொலஸ்ட்ரால் போன்றவை): விடைத்தாளில் சறுக்கும் இடங்கள்

மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்து இளக்கித் தலைக்குத் தேய்த்துக்கொண்டு போன மாணவர்தான், "தாவர எண்ணெய்கள் நிறைவுறாதவை, விலங்குக் கொழுப்புகள் நிறைவுற்றவை" என்று தேர்வில் எழுதிவிட்டு வருகிறார். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள், அதாவது கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு இல்லாதவை. மீன் எண்ணெயோ விலங்கிலிருந்து வந்தும் திரவமாகவே இருக்கிறது. எதிலிருந்து எடுத்தது என்பதை விட்டுவிட்டு, கொழுப்பு அமிலத்தின் கார்பன் சங்கிலியைப் பாருங்கள்.

அதன் நீளத்தை முதலில் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். தனி அமிலமாக அது 44 டிகிரி செல்சியஸில் உருகும்; 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலத்துக்கு 69 டிகிரி வேண்டும். இரண்டும் நிறைவுற்றவைதான். குட்டையான சங்கிலிகள் அதிகம் என்பதால்தான் தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே இளகிவிடுகிறது.

அடுத்தது வளைவு. "இரட்டைப் பிணைப்பு இருந்தால் சங்கிலி வளையும்" என்பது பாதி உண்மை. பிணைப்பின் இரு ஹைட்ரஜன்களும் ஒரே பக்கம் இருக்கும் சிஸ் அமைப்பில்தான் அது வளையும். அவை எதிரெதிர்ப் பக்கம் இருக்கும் டிரான்ஸ் அமைப்பில் ஏறக்குறைய நேராகவே கிடக்கும். ஓலியிக் அமிலத்துக்கும் எலெய்டிக் அமிலத்துக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. ஆனால் சிஸ் வகையான ஓலியிக் சுமார் 13 டிகிரியிலும், டிரான்ஸ் வகையான எலெய்டிக் சுமார் 45 டிகிரியிலும் உருகுகின்றன. எண்ணெயை அரைகுறையாக ஹைட்ரஜனேற்றிய பழைய வனஸ்பதி கெட்டியாக இருந்ததில் இந்த டிரான்ஸ் சங்கிலிகளுக்கும் பங்குண்டு. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்புக்கு 2 சதவீதம்தான் உச்சவரம்பு.

"லிப்பிடுகள் கொழுப்பு அமிலங்களாலான பாலிமர்கள்" என்பது அடுத்த சறுக்கல். ஸ்டார்ச்சில் குளுக்கோஸ்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகும். எண்ணெய், கொழுப்புகளின் மூலக்கூறான டிரைகிளிசரைடில் அப்படி இல்லை: ஒரு கிளிசரால், அதில் மூன்று கொழுப்பு அமிலங்கள், அத்தோடு முடிந்தது. கிளிசராலையும் அமிலங்களையும் இணைக்கும் மூன்று எஸ்டர் பிணைப்புகள் உருவாகும்போது மூன்று நீர் மூலக்கூறுகள் வெளியேறும். இதை மறந்தால் வாய்பாட்டுக் கணக்கு முழுவதும் போய்விடும். ஒரு கிளிசராலும் மூன்று ஸ்டியரிக் அமிலமும் சேர்ந்தால் 57 கார்பன், 110 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். 116 ஹைட்ரஜன், 9 ஆக்சிஜன் என்று விடை வந்தால் நீரைக் கழிக்கவில்லை என்று பொருள்.

கொலஸ்ட்ரால் போன்ற ஸ்டீராய்டுகளுக்கு இந்த அமைப்பும் பொருந்தாது. கொலஸ்ட்ரால் நான்கு வளையங்கள் கொண்ட மூலக்கூறு. அதில் கிளிசரால் கிடையாது. நீரில் கரையாமை, கரிமக் கரைப்பான்களில் கரைதல் என்ற குணத்தை வைத்துத்தான் இவை அனைத்தையும் ஒரே பெயரில் சேர்த்திருக்கிறோம். அதனால் "லிப்பிடுகளின் பணி ஆற்றல் சேமிப்பு" என்று ஒரே வரியில் முடிப்பது தவறு. கொலஸ்ட்ராலை உடல் எரித்து ஆற்றல் எடுப்பதில்லை. பித்த அமிலங்களுக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கும் அதுவே மூலப்பொருள். செல் சவ்வில் அதன் வேலை இருபுறமும் உண்டு: வெப்பம் கூடினால் சவ்வு மூலக்கூறுகளின் கொழுப்பு அமில வால்களின் அசைவை அடக்கும், குளிர்ந்தால் அவை நெருங்கி இறுகாமல் தடுக்கும். பலர் முதல் பாதியோடு நிறுத்தி மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

கடலை எண்ணெய் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று அச்சிடுவது பொய்யில்லை; பெருமையும் இல்லை. தாவர எண்ணெய் எதிலும் அது பெயரளவுக்குத்தான் இருக்கும். எல்டிஎல் என்பதும் கொலஸ்ட்ராலின் ஒரு வகை அல்ல. கொலஸ்ட்ராலை இரத்தத்தில் சுமந்து செல்லும் லிப்போபுரதத் துகள்.

முதல் இரட்டைப் பிணைப்பு எந்தக் கார்பனில் என்று சொல்லும் ஒமேகா எண்ணைக் கார்பாக்சில் (அமில, COOH) முனையிலிருந்து எண்ணுவதும் வழக்கமான பிழை. எதிர்க்கோடியில் உள்ள மெத்தில் (CH3) முனையிலிருந்து எண்ண வேண்டும். 18 கார்பன் கொண்ட லினோலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகள் கார்பாக்சில் முனையிலிருந்து 9, 12-ஆம் கார்பன்களில் தொடங்குகின்றன. 18-லிருந்து 12-ஐக் கழித்தால் 6. ஆகவே அது ஒமேகா-6.

செய்முறையில் அதிகம் கெடுவது கொழுப்பைக் கண்டறியும் பால்மச் சோதனை; கொழுப்பு இருந்தால் நீர் பால்போல வெளுக்கும். சோதனைக் குழாய் உலர்ந்திருக்க வேண்டும். எத்தனாலுக்கு முன்பே நீர் சேர்ந்துவிட்டால் கொழுப்பு சரியாகக் கரையாது. நசுக்கிய நிலக்கடலையில் 2 மில்லி எத்தனால் ஊற்றிக் குலுக்கி, துகள்கள் அடியில் தங்கும்வரை காத்திருங்கள். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு குழாயில் உள்ள 2 மில்லி நீரில் ஊற்றுங்கள். அவசரப்பட்டு அப்படியே கவிழ்த்தால், தெரிகிற வெண்மை கொழுப்பா கடலைத் தூளா என்று சொல்ல முடியாது. எத்தனால் தீப்பற்றும், பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது.

முடிவை "வெண்ணிற வீழ்படிவு" என்று எழுதாதீர்கள். அது பால்மம், நீரில் பரவிய நுண்ணிய எண்ணெய்த் துளிகள். குழாயை நெடுநேரம் அசைக்காமல் வைத்தால், வீழ்படிவாக இருந்தால் அடியில் தங்கும். எண்ணெய் மேலே வந்து சேரும்.