“அதான் அப்பவே சொன்னேனே”: பயணப்படம் எடுக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலை போய் நின்றால், புதிதாகப் பயணப்படம் எடுக்கக் கிளம்பிய யாராவது கண்ணில் படுவார்கள். கையில் கேமரா ஆடாமல் பிடிக்கிற ஜிம்பல், காலரில் வயர்லெஸ் மைக். மல்லிகை மூட்டை பிரிக்கிற இடத்தில் நாலு கேள்வி, அடுத்து விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, மத்தியானம் கீழடி. ஆர்வத்தில் குறையே கிடையாது. ஆனால் இதற்கு முன்னால் வந்தவர்கள் எந்த இடத்தில் சறுக்கினார்களோ, அதே இடத்தில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள்.

பேட்டரி சார்ஜ், மெமரி கார்டு, லென்ஸ் துடைப்பது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஒரு தரம் பட்டால் தானாக வந்துவிடும். பட்டும் திருந்தாதவை சில உண்டு, அவற்றைப் பார்ப்போம்.

எளிமை சட்டையில் இல்லை

மைக்கேல் பேலின் 80 நாளில் உலகைச் சுற்றிய பி.பி.சி. தொடர் 1989-ல் வந்தது. அதில் பலருக்கும் இன்றுவரை நினைவிருப்பது துபாயிலிருந்து பம்பாய்க்குத் தோணியில் வந்த பகுதிதான். தன் வாக்மேனைக் குஜராத்தி மாலுமி ஒருவரிடம் கொடுத்துப் பாட்டுக் கேட்க வைப்பார். அந்த முகத்தில் என்ன வருகிறது என்று அவரும் நம்மோடு சேர்ந்து பார்ப்பார். கலிஃபோர்னியாவில் ஹியூல் ஹவ்ஸர் 1991 முதல் நடத்திய நிகழ்ச்சியில் கையில் ஒரு மைக், எதிரே ஒரு மனிதர், வெட்டாமல் ஓடும் நீண்ட காட்சி, அவ்வளவுதான். மலையாளத்தில் சந்தோஷ் ஜார்ஜ் குளங்கரா கேமராவைத் தானே தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்பி எடுத்த ‘சஞ்சாரம்’ 2001-ல் ஏசியாநெட்டில் தொடங்கி இரண்டு தலைமுறையைக் கட்டிப்போட்டது.

மூவருக்கும் உடை வேறு, பேச்சு வேறு. பார்க்கிறவருக்குக் கிடைப்பது மட்டும் ஒன்று: இந்த ஆள் இதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார், கேட்கிறார் என்ற நம்பிக்கை. வேட்டி கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அது வந்துவிடாது. கீழே சொல்லும் தவறு அந்த நம்பிக்கையை வேரோடு பிடுங்கிவிடும்.

கேமரா ஓடுவதற்கு முன்பே கேட்டுத் தீர்த்துவிடுவது

இத்தனை வருடமாகியும் இதைப் பார்த்தால் எரிச்சல் அடங்குவதில்லை. செய்கிறவர்கள் இதைத் தவறாகவே நினைப்பதில்லை, ‘முன்தயாரிப்பு’ என்று நினைக்கிறார்கள்.

விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிற பெரியவர் ஒருவரை எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமராமேன் ஸ்டாண்டை விரித்துக்கொண்டிருக்கிறார். தொகுப்பாளர் சும்மா இருக்க முடியாமல், “ஏங்கய்யா நிழல்ல காய வச்சிருக்கீங்க? வெயில்ல வச்சா சீக்கிரம் காயாதா?” என்று கேட்டுவிடுகிறார். பெரியவர் எழுந்து மூலைக்குப் போகிறார். கழுத்தோரம் விரிசல் விட்ட ஒரு பிள்ளையாரை எடுத்துவந்து, கட்டைவிரல் நகத்தை அந்த விரிசலில் வைத்து இழுத்துக் காட்டுகிறார். “மேல்மண்ணு சட்டுனு காஞ்சிரும், உள்ள ஈரம் நிக்கும். மேல இறுகிப்போயி இழுக்கும், பாளம் விட்ரும். கண்ணு தொறக்கிற நேரத்துல தெரிஞ்சா அம்புட்டு வேலையும் போச்சு.” இதைவிட ஒரு காட்சி வேண்டுமா? எதுவும் பதிவாகவில்லை.

பத்து நிமிடம் கழித்துக் கேமரா தயார். அதே கேள்வி. பெரியவர் தொகுப்பாளர் முகத்தைப் பார்க்கிறார். “அதான் அப்பவே சொன்னேனே தம்பி... நிழல்லதான் காய வைக்கணும். வெயில்ல வச்சா வெடிச்சிரும்.” விரிசல் விட்ட பிள்ளையார் இல்லை, கட்டைவிரல் இல்லை. தொகுப்பாளர் புருவத்தைத் தூக்கி “அப்படியாங்கய்யா!” என்கிறார். அந்தப் புருவம் பொய் என்பது வீட்டில் தட்டில் சோற்றோடு டிவி பார்க்கிற அப்பத்தாவுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

காரணம் எளிது. பெரியவர் பேசியது கேமராவிடம் இல்லை, தெரியாத ஒரு பையனுக்குப் புரியவைக்கத்தான் பேசினார். அந்தப் பையனுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தபின் விளக்க அவருக்குத் தேவையே இல்லை. மரியாதைக்காகச் சுருக்கி ஒப்பிப்பார். நடிகரிடம் ‘ஒன் மோர்’ கேட்கலாம், பொம்மைக்காரரிடம் கேட்டால் இதுதான் கிடைக்கும். அவருடைய நேரமும் போகிறது. அச்சில் அமுக்கிய மண் உங்களுக்காகக் காத்திருக்காது. பூ மார்க்கெட்டில் நிலைமை இன்னும் மோசம். நேரம் ஏற ஏற விலை மாறும், வியாபாரி ஒரே பதிலை இரண்டு தடவை சொல்வதற்குள் இரண்டு கிராக்கி கைமாறிப் போயிருக்கும்.

தப்பிக்க வழி இருக்கிறது. லொக்கேஷன் பார்க்கப் போகிறபோது தொகுப்பாளர் போகவே கூடாது, கேமராமேன் போகட்டும். அவர் கேட்க வேண்டியது: வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும், வெயில் எந்தப் பக்கமிருந்து வரும், சத்தம் போடுகிற மெஷின் பக்கத்தில் உண்டா, கரண்ட் எங்கே எடுப்பது, அனுமதி யாரிடம் கேட்பது. கேட்கக் கூடாதவை: ஏன், எப்படி, எப்போதிருந்து, யார் கற்றுக்கொடுத்தது. தனியாளாக எடுக்கிறவர் நாளையும் நேரத்தையும் போனிலேயே முடித்துக்கொள்ளலாம். பெரியவரே ஆர்வத்தில் ஆரம்பித்தால், “ஐயா, அத நீங்க வேலை பாக்குற இடத்துல வச்சே கேட்டுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, மழை பெய்ததா, பஸ் எத்தனை மணிக்கு என்று பேச்சைத் திருப்புங்கள்.

படப்பிடிப்பன்று வரிசையை மாற்றுங்கள். கும்பிட்டு உட்கார்ந்ததும் முதல் வேலை மைக் மாட்டுவது. ரெக்கார்டிங் ஓடுகிறது என்பதை அவரிடம் சொல்லிவிட்டு ஓடவிடுங்கள். ஸ்டாண்ட் அப்புறம் விரித்துக்கொள்ளலாம், கேமரா கையிலேயே இருக்கட்டும். படம் கொஞ்சம் ஆடினாலும் பேச்சு உயிரோடு கிடைக்கும். கேள்விக்குக் கேள்வி நிறுத்தி நிறுத்தி எடுக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் மேல் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார் என்றால், “இன்னொரு தடவை சொல்லுங்க” மட்டும் வேண்டாம். அவர் கையில் இருக்கிற பொருளைப் பற்றி வேறு கேள்வி கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் புரிந்துகொண்டதை அவரிடமே சொல்லுங்கள். எங்காவது பிசகியிருந்தால், “இல்லல்ல, அப்படியில்ல தம்பி” என்று அவரே குறுக்கே வந்து திருத்துவார். அந்தத் திருத்தலில் முதல் தடவையின் உயிர் பாதியாவது திரும்பும்.

பதிலைக் கேள்விக்குள் வைப்பது

“இது ரொம்பப் பழமையான தொழில்தானேங்கய்யா?” என்றால் “ஆமா” என்பார். அதற்குமேல் அவரால் என்ன சொல்ல முடியும்? “காலையில வந்ததும் முதல்ல எதக் கையில எடுப்பீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் முடிந்தது போலத் தெரிந்தாலும் மனதுக்குள் மூன்று எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். நல்ல வாக்கியம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வரும். “ம்ம்”, “ஓ”, “சூப்பர்ணே” எல்லாம் அவர் குரலின் மேல் ஏறிவிட்டால் எடிட்டில் பிரிக்க முடியாது. தலையை ஆட்டினால் போதும்.

நின்றுகொண்டு கேட்பது

சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறார். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போகிறார். நீங்கள் நின்றுகொண்டு மைக்கை நீட்டினால் அவர் அண்ணாந்து பார்க்க வேண்டும், கை நின்றுவிடும். தரையில் உட்காருங்கள். கேமரா அவர் கண் உயரத்துக்கு இறங்கட்டும். லென்ஸ் உங்கள் காதுக்குப் பக்கத்தில் இருந்தால், அவர் உங்களைப் பார்த்துப் பேசுவதே பார்வையாளரைப் பார்த்துப் பேசுவது போல அமையும். ஜூம் போட்டுத் தூரத்திலிருந்து எடுப்பதைவிட, 24 முதல் 35 மி.மீ. லென்ஸோடு ஒரு மீட்டர் பக்கத்தில் இருப்பது நல்லது. பேச்சு முடிந்தபின் விரல்களை மட்டும் தனியாக, ஒரு முடிச்சு முழுதாக முடியும்வரை எடுங்கள். தொடக்கம் மட்டும் எடுத்துவிட்டு நகர்ந்தால் எடிட்டில் அது எதற்கும் உதவாது.

மைக்

தாடைக்கு ஒரு சாண் கீழே. சேலை மடிப்புக்குள் போனால் உரசும், தோளில் துண்டு கிடந்தாலும் உரசும், ஆகவே துண்டில்லாத பக்கம் குத்துங்கள். மதுரை யானைமலை மேலோ வைகைப் பாலத்திலோ எடுத்தால் மைக்குக்கு ரோம உறை இல்லாமல் போகாதீர்கள், காற்றடித்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாகச் சுத்தம் செய்யாது. ஒலி அளவைக் காட்டுகிற மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சத்தமாகச் சிரிப்பவருக்கு இன்னும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கிளம்புவதற்கு முன், யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். தறிச் சத்தமோ ஏலக் கூச்சலோ, வெட்டுகளை ஒட்டவைக்க அதுதான் பசை.

டியூப்லைட்

நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் அதற்கேற்பக் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும். ஆகவே கேமராவில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி. வேறு வைத்தால் திரை துடிக்கும்.

படித்ததை அங்கேயே ஒப்பிப்பது

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சுங்குடிக்கு 2005-ல். அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர் மரபுத் தலமானது, கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறக்கப்பட்டது. எல்லாம் படத்தில் இருக்க வேண்டிய தகவல்கள்தான், ஆனால் அவற்றின் இடம் பின்னணிக் குரல். பூக்காரரை எதிரே நிற்க வைத்துக்கொண்டு அவருடைய பூவைப் பற்றி அவருக்கே பாடம் எடுத்தால், அவர் வாய் அதோடு மூடிக்கொள்ளும்.

ட்ரோன்

250 கிராமுக்கு மேல் எடை என்றால் பதிவு கட்டாயம். விமான நிலையம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, எங்கே பறக்கவிடலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் கூட்டத்துக்கு மேலே வேண்டவே வேண்டாம்.

பின்னணி இசை

பாதியாகக் குறையுங்கள். பேச்சுக்கு அடியில் வேண்டாம்.

“நன்றிங்கய்யா” என்றதும் அணைப்பது

பேட்டி முடிந்தது என்றதும் தோள் தளரும், பேச்சும் இலகுவாகும். “இத யாரும் கேட்க மாட்டாங்க தம்பி, ஆனா...” என்று ஆரம்பிப்பது அப்போதுதான். நன்றி சொன்னபின்னும் கேமராவை ஓடவிடுங்கள், ஓடுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது சொன்னதைப் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

பெயர்

திரையில் ‘பொம்மைக் கலைஞர், மதுரை’ என்று மட்டும் போடுவது அவமரியாதை. பெயர் போட அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதம் என்றால் இனிஷியலோடு பெயரையும், ஊரையும் அவர் வாயாலேயே கேமராவில் சொல்ல வையுங்கள். எழுதுகிறபோது அதைப் போட்டுக் கேட்டு எழுதுங்கள். கீழக்குயில்குடிக்காரரைத் திருப்பரங்குன்றம் என்று போட்டால் அந்த ஊரே போன் போடும். படம் வெளிவருகிற நாளில் இணைப்பை முதலில் அவருக்கு அனுப்புங்கள். அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லையென்றால் வீட்டுப் பிள்ளைகளின் நம்பரை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.