பாட்டிலுக்குள் குட்டித் தோட்டம்: விற்பதற்கு முன் 3 வாரம் பொறுங்கள்

நான் சென்னையில் டிசைன் படிக்கிறேன். கைச்செலவுக்காக டெரேரியம், அதாவது கண்ணாடி பாட்டிலுக்குள் வளரும் குட்டித் தோட்டம், செய்து விற்கிறேன். முதலில் செய்ததை ஹாஸ்டல் தோழிக்கு 150 ரூபாய்க்குக் கொடுத்தேன், மூடி போட்ட பாட்டிலுக்குள் சக்குலன்ட் செடி (கள்ளி மாதிரி தண்ணீரைத் தேக்கி வைக்கும் சதைப்பற்றான செடி), பார்க்க அம்சமாக இருந்தது, பத்தே நாளில் அழுகிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

காரணம் எளிது. மூடிய பாட்டிலில் ஈரம் வெளியே போகாது. ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணுக்கே இறங்கும். 1829இல் நத்தானியேல் வார்ட் என்ற லண்டன் மருத்துவர் அந்துப்பூச்சிக் கூட்டை மூடி வைத்த பாட்டிலில் பெரணி தானாக முளைத்ததைப் பார்த்ததுதான் இதற்கெல்லாம் ஆரம்பம். பெரணிக்கும் பாசிக்கும் அந்த ஈரம் சொர்க்கம், கள்ளி வகைக்கு எமன். ஃபிட்டோனியா, பெப்பரோமியா, சின்னப் பெரணி போதும்.

சரி, வேலைக்கு வருவோம். அரை லிட்டர் ஜாம் பாட்டில் எடுங்கள். ஊறுகாய் பாட்டில் வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் மூடியில் வாசனை போகாது.

அடியில் 2 செ.மீ. கூழாங்கல். அதன்மேல் மண் இறங்காமலிருக்கக் கொசுவலைத் துண்டு, அப்புறம் கழுவிய கரித்துண்டுகள். உண்மையைச் சொன்னால் கரி இல்லாமலும் செடி வளரும். பக்கவாட்டில் தெரியும் அந்தக் கறுப்புக் கோட்டுக்காகத்தான் நான் போடுகிறேன். அடுத்து, நனைத்துப் பிழிந்த கோகோபீட்டில் (தேங்காய் நார்த் தூள்) கொஞ்சம் மணல் கலந்து, பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி அதன் வழியாகக் கொட்டுங்கள், கண்ணாடியில் அப்பாது. உரம் போடவே போடாதீர்கள், செடி வளர்ந்து மூடியை முட்டும்.

பாசிக்குக் காசு கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பச்சையாகப் படர்ந்திருக்கும், பழைய தோசைத்திருப்பியைச் சாய்த்து வைத்துத் தள்ளினால் ஜமக்காளம் மாதிரி முழுசாக உரிந்து வரும். அடியில் எறும்பும் குட்டி நத்தையும் ஒளிந்திருக்கும், தண்ணீரில் அலசிவிட்டு வையுங்கள். செடியை ஓரமாக நட்டு, பாசியைச் சுற்றிப் பதித்து, கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். பொம்மை, பாலம், கலர் கல் எல்லாவற்றையும் திணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது.

தண்ணீரை சிரிஞ்சில் 10 மில்லியாக விடுங்கள். போர்த் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைத் தடம் விடும், மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ நல்லது.

இனிதான் முக்கியமான கட்டம்: 3 வாரம் விற்காதீர்கள். காலையில் கண்ணாடியில் லேசாகப் பனி படிந்து மதியம் தெளிந்தால் சரியாக இருக்கிறது. நாள் முழுக்கப் பனி மூடியே இருந்தால் மூடியை அரை நாள் திறந்து வையுங்கள், பனியே இல்லையென்றால் இன்னொரு சிரிஞ்ச் தண்ணீர். வெள்ளைப் பூஞ்சை வந்த இலையை உடனே கிள்ளி எடுத்துவிடுங்கள்.

விலை போடும்போது பாட்டிலும் செடியும் மட்டும் கணக்கல்ல. உங்கள் ஒரு மணி நேரம், இந்தக் காத்திருப்பில் செத்துப்போகும் ஒன்றிரண்டு பாட்டில்கள், எல்லாம் சேரும். மே மாத மதியத்தில் வண்டியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், உள்ளே வெந்துவிடும்.

கூடவே ஒரு சின்ன அட்டை கட்டுங்கள். முதலில் பத்து வரி எழுதினேன், யாரும் படிக்கவில்லை. இப்போது இரண்டே வரி: நேர் வெயிலில் வைக்காதீர்கள். தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.