ஒரே பகலில் ஹைட்ரா: ஏதென்ஸ் செல்லும் நம் ஊர்க்காரர்களுக்கு

ஏதென்ஸ் நகரில் நான்கைந்து நாள் தங்கப் போகும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து உறவினர்கள் பலரும், அருகிலுள்ள தீவுகளைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்ப முடியுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். முடியும். ஏதென்சுக்குத் தெற்கே சரோனிக் வளைகுடாவில் எஜினா, அஜிஸ்திரி, போரோஸ், ஹைட்ரா ஆகிய சிறு தீவுகள் இருக்கின்றன. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து அவற்றுக்குத் தினமும் படகுகள் செல்கின்றன. விடுதிகளில் ‘மூன்று தீவுச் சுற்றுலா’ என்று ஒன்றை விற்பார்கள். காலை எட்டு மணியளவில் புறப்பட்டு மாலை ஏழு மணியளவில் திரும்பும் அந்தப் படகில் மதிய உணவும் உண்டு, ஆனால் ஒவ்வொரு தீவிலும் ஒன்றிரண்டு மணி நேரமே கிடைக்கும். அதிகம் நடக்க இயலாத ஐயாக்களுக்கும் ஆச்சிகளுக்கும் அது பொருத்தமானது. மற்றவர்கள் வழக்கமான பயணிகள் படகில் ஏறி, ஒரே தீவில் நாள் முழுவதையும் கழிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. செட்டிநாட்டிலிருந்து செல்பவர்களுக்கு அந்தத் தீவு ஹைட்ராவாக இருக்கட்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். ஹைட்ரா விளைச்சல் குறைந்த பாறைத் தீவு. அங்கிருந்தவர்கள் கடலையே நம்பினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், நெப்போலியன் காலப் போர்களின்போது, பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையைத் தாண்டித் தானியம் கொண்டுபோய்ப் பெரும்பொருள் ஈட்டினார்கள். அந்தப் பணம் ஊர் திரும்பிக் கல் மாளிகைகளாக எழுந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டியதைக் கொண்டு தேக்கும் பளிங்குமாக வீடு கட்டிய நம் முன்னோரின் கதையை அறிந்தவர்கள், ஹைட்ராவின் துறையில் நின்று மேலே பார்க்கும்போது, சொல்லாமலேயே பலவற்றைப் புரிந்துகொள்வார்கள். வெளியே அலங்காரமற்ற கனத்த சுவர், உள்ளே வேலைப்பாடு மிகுந்த கூடம், வீட்டுக்கு அடியில் மழைநீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி ஆகியவை அந்த மாளிகைகளின் அமைப்பு. ஓட்டுக்கூரையில் விழும் மழையை முற்றத்து அண்டாக்களில் பிடித்துப் பழகிய நமக்கு, அந்தத் தொட்டியின் அருமை உடனே விளங்கும். துறைக்கு மேற்கே குன்றின் மீது மஞ்சள் நிறத்தில் தெரியும் லாசரோஸ் குந்துரியோத்திஸ் மாளிகை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. 1821இல் தொடங்கிய கிரேக்க விடுதலைப் போருக்குத் தம் செல்வத்தையும் கப்பல்களையும் கொடுத்தவர் லாசரோஸ். அந்த அருங்காட்சியகம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. ஆகவே நாளைத் தேர்வு செய்யும் முன்பே திறந்திருக்கும் காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரீஸ் செல்லத் தேவையான ஷெங்கன் விசா, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள். ஏதென்சில் தங்குமிடத்தை சின்டாக்மா அல்லது மொனாஸ்திராகி மெட்ரோ நிலையத்துக்கு அருகில் எடுத்தால், மூன்றாம் வழித்தட ரயில் 2022 முதல் நேராகப் பிரேயஸ் வரை செல்வதால், அதிகாலை அலைச்சல் மிகவும் குறையும். இந்த ரயில்களில் கைப்பை திருடுபவர்கள் உண்டு என்பதால், பணத்தையும் பாஸ்போர்ட்டையும் உடைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். சரோனிக் தீவுகளுக்கான படகுகள் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ‘ஈ8’ வாயிலில் நிற்கும். அரை மணி நேரம் முன்பே அங்கு இருங்கள். அறிவிப்பில் ‘ஹைட்ரா’ என்று காதில் விழாது. கிரேக்கர்கள் அதை ‘ஈத்ரா’ என்றே உச்சரிப்பார்கள்.

பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பிரேயசிலிருந்து ஹைட்ராவுக்கு விரைவுப் படகுகளே செல்கின்றன. அவற்றுள் சிறியவற்றில் மூடிய அறைக்குள்தான் உட்கார வேண்டும், வெளியே வந்து காற்று வாங்க முடியாது. குமட்டல் வருபவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு, படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து, சன்னல் வழியே தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். இதைவிட முக்கியமானது காற்று. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வடக்கிலிருந்து ‘மெல்தெமி’ என்னும் காற்று வீசுகிறது. அது வலுத்தால் துறைமுக அதிகாரிகள் முதலில் நிறுத்துவது இத்தகைய விரைவுப் படகுகளைத்தான். ஆகையால் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாளைத் தீவுக்கென்று ஒதுக்கவே கூடாது. மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் மிகவும் ஏற்றவை. விரைவுப் படகுகள் நின்றுவிட்டாலும் பெரிய கப்பல் ஓடிக்கொண்டிருந்தால், திறந்த மேல்தளம் உள்ள அந்தக் கப்பலில் எஜினாவுக்குப் போகலாம். ஒன்றேகால் மணி நேரம்தான். கி.மு. 500ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அஃபையா கோயிலும், அத்தீவின் பெயர்பெற்ற பிஸ்தாவும் அந்த நாளை வீணாக்காது.

ஹைட்ராவில் காரும் மோட்டார் சைக்கிளும் கிடையாது. சுமை தூக்குபவை கோவேறு கழுதைகள். தேய்ந்து வழுவழுப்பான கற்படிகளே தெருக்கள் என்பதால், அடிப்பகுதி நன்கு பிடிக்கும் காலணி கட்டாயம் வேண்டும். இறங்கியவுடன், வெயில் ஏறுவதற்குள், மாளிகைக்கு ஏறிவிடுங்கள். பின்பு துறையோரத்தில் பளிங்கு மணிக்கூண்டுடன் நிற்கும் மடாலயத்தைப் பார்க்கலாம். தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டிய அந்த இடத்துக்குச் சேலை மிகப் பொருத்தம். மதியத்துக்குப் பிறகு கடலோரப் பாதையில் மேற்கே நடந்தால் கமீனி என்னும் சிறு துறையும், அதற்கப்பால் விலிஹோஸ் கடற்கரையும் வரும். நடக்க முடியாதவர்கள் வாடகைப் படகில் போகலாம்.

சைவம் உண்பவர்கள் ‘நிஸ்தீசிமோ’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டால் பெரும் உதவி. கிரேக்கத் திருச்சபையின் விரத உணவைக் குறிக்கும் சொல் அது. இறைச்சி, முட்டை, பால் இல்லாதது. ஆனால் கணவாயும் இறாலும் விரதத்தில் விலக்கப்படாதவை என்பதால், அவை இல்லை என்பதையும் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். மசித்த பருப்பான ‘ஃபாவா’, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்ட ‘ஹோர்தா’ என்னும் கீரை ஆகியவை நம் நாவுக்கு எளிதில் பழகும். பையில் கொஞ்சம் சீப்புச் சீடையும் தேன்குழலும் இருந்தால் படகு தாமதமானாலும் குழந்தைகள் சோர மாட்டார்கள். திரும்பும்போது வாங்கி வரத் தக்கது ‘அமிக்தலோத்தா’ என்னும் பாதாம் இனிப்பு.

திரும்பும் படகின் டிக்கெட்டைப் போகும்போதே எடுத்து, கடைசிப் படகுக்கு முந்தையதாகத் தேர்வு செய்யுங்கள். கடைசிப் படகையும் தவறவிட்டால் கலங்க வேண்டாம். துறையில் நிற்கும் வாடகைப் படகுகள் எதிர்க்கரையில் உள்ள மெத்தோஹிக்குக் கொண்டுபோய் விடும், அங்கிருந்து ஏதென்சுக்குச் சாலை வழி இருக்கிறது. இரவில் அங்கே டாக்சி கிடைப்பது அரிது என்பதால், படகில் ஏறும் முன்பே தொலைபேசியில் வண்டியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.