டிஜிகேம்: வீட்டுப் படங்களை ஒழுங்குபடுத்தித் திருத்தும் முறை

கூகுள் நிறுவனம் 2016 மார்ச்சில் கணினிப் படங்களை ஒழுங்குபடுத்த உதவிய பிக்காசா மென்பொருளைக் கைவிட்டதிலிருந்து அதற்கு மாற்றாகப் பல மென்பொருள்களைப் பார்த்துவிட்டேன். என்னிடம் நிலைத்தது டிஜிகேம்தான். கேடிஈ என்னும் மென்பொருள் ஆர்வலர் குழுமத்தின் இக்கட்டற்ற மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக இயங்குகிறது. நிறுவுவதில் சிக்கல் ஏதும் இல்லை என்பதால் நேரே வேலைக்கு வருகிறேன்.

முதன்முறை திறக்கும்போது படங்கள் எங்கே உள்ளன, தரவுத்தளத்தை (படங்களைப் பற்றிய விவரங்களை டிஜிகேம் சேர்த்துவைக்கும் கோப்பு) எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கும். படங்கள் எந்த வட்டில் இருந்தாலும், தரவுத்தளம் கணினிக்குள் இருக்கும் வட்டிலேயே, இயன்றால் வேகமான எஸ்எஸ்டி வட்டில், இருக்கட்டும். இதில் ஆல்பம் என்பது வட்டில் உள்ள கோப்புறையேதான். ஆல்பத்தின் பெயரை மாற்றினால் கோப்புறையின் பெயரும் மாறும், ஆல்பத்தை நீக்கினால் படங்களும் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். ஆகவே கோப்புறைகளை ஆண்டு, நிகழ்ச்சி என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, ஆட்களையும் ஊர்களையும் குறிச்சொற்களாக இடுவதே நல்லது.

அடுத்த படியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நீங்கள் இடும் குறிச்சொல்லும் நட்சத்திரமும் தரவுத்தளத்தில் மட்டும் பதியலாம், படக்கோப்புக்குள்ளேயும் பதியலாம். கோப்பில் எழுதும்படி சொல்லாமல் விட்டால், படங்களை வேறு கணினிக்கு நகலெடுக்கும்போது மாதக்கணக்கில் இட்ட குறிச்சொற்களில் ஒன்றுகூட உடன் வராது. ஆகவே, அமைப்புகளில் 'மெட்டாடேட்டா' (படத்தைப் பற்றிய விவரங்கள்) பக்கத்தைத் திறந்து, குறிச்சொற்கள், மதிப்பீடு, தலைப்பு ஆகியவற்றைக் கோப்பில் எழுதும் தெரிவுகளை இயக்குங்கள். ரா கோப்புகளை (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதியும் மூலக் கோப்புகள்) மட்டும் தொடாமல், அவற்றுக்குப் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்னும் துணைக்கோப்பை எழுதச் செய்யுங்கள்.

முன்பே குறிச்சொல் இட்டுவிட்டவர்கள் 'டூல்ஸ்' பட்டியலின் 'மெயின்டனன்ஸ்' பகுதியில் தரவுத்தளத்தையும் மெட்டாடேட்டாவையும் ஒத்திசைக்கலாம். அங்கே திசை முக்கியம்: தரவுத்தளத்திலிருந்து கோப்புக்கு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால், கோப்பில் இருப்பது தரவுத்தளத்துக்குப் போய், இட்ட குறிச்சொற்கள் அழிய வாய்ப்புண்டு. தரவுத்தளக் கோப்பை முதலில் நகலெடுத்துவிட்டு இதைத் தொடங்குங்கள்.

தமிழில் குறிச்சொல் இடுவோருக்கு இன்னொரு இடர். படக்கோப்புக்குள் விவரங்களை எழுதுவதற்கான பழைய ஐபிடிசி தரத்தில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்டுகளே இடம். யுனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீடும், புள்ளியும் துணைக்காலும் உட்பட, 3 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். 'தஞ்சாவூர்' 27 பைட்டுகளில் அடங்கும். 'திருவண்ணாமலை தீபத்திருவிழா' 76 பைட்டுகள் ஆவதால் அடங்காது. அதற்குப் பின் வந்த எக்ஸ்எம்பி தரத்தில் இந்த வரம்பு இல்லை. குறிச்சொற்களைச் சுருக்கமாக வைத்து, ஊரையும் விழாவையும் தனித்தனியாக இடுவதே என் வழக்கம். பிறகு தேடுவதற்கும் அதுவே எளிது.

வாட்ஸ்ஆப்பில் வரும் படங்களில் எடுத்த நாள் இருப்பதில்லை. ஆண்ட்ராய்டில் 'ஐஎம்ஜி-20230114-டபிள்யூஏ0005' என்பது போன்ற பெயர் மட்டும் மிஞ்சும். அந்த எட்டு இலக்கங்கள் படம் வந்த நாளைக் காட்டுமே தவிர எடுத்த நாளை அல்ல, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். நேரத்தைத் திருத்தும் கருவியில் கோப்புப் பெயரிலிருந்து நாளை எடுக்கும் தெரிவு உண்டு. புதிய நாள் சரியாக வருகிறதா என்று பட்டியலில் பார்த்த பிறகே செயல்படுத்துங்கள். ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு ஸ்கேன் செய்த நாள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், நாளைக் கையாலேயே கொடுக்க வேண்டும்.

திருத்துவதில், முதலில் சாய்வை நேராக்கி வெட்டுங்கள். பிறகு வெளிச்சம், வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது). அளவைக் குறைத்த பின், கடைசியாகக் கூர்மை. பதிப்புகளாகச் சேமிக்கும் தெரிவில் மூலப்படம் அப்படியே இருக்க, திருத்தியது தனிக் கோப்பாகப் பதிவாகும். ரா படங்களை அதிகம் கையாள்பவர்களுக்கு ரா படங்களைத் திருத்துவதற்கான டார்க்டேபிள் மென்பொருளையே பரிந்துரைப்பேன். டிஜிகேமின் திருத்தி வீட்டுத் தேவைக்குப் போதுமானது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பின்சேர்க்கை: வெளி வன்தட்டில் உள்ள ஆல்பங்கள் காணாமல் போகின்றன என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அத்தகைய வட்டை உள்ளூர்த் தொகுப்பாகச் சேர்க்காமல், அமைப்புகளில் கழற்றக்கூடிய ஊடகம் என்னும் பிரிவில் சேர்க்க வேண்டும். வட்டு இணைக்கப்படாதபோதும் அதன் விவரங்கள் தரவுத்தளத்தில் இருக்கும். காணவில்லையே என்று தொகுப்பை நீக்கிவிடாதீர்கள்.