சிக்கனம் செய்தும் பணம் நிற்காதது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்த்துப் பார்த்துச் செலவு செய்தும் மாதக் கடைசியில் கை காலியாகிவிடுகிறதா? அதற்கு ஊதாரித்தனம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் வெட்டுகிற இடம்தான் தவறாக இருக்கிறது. கண்ணில் படுகிற சின்னச் செலவோடு மல்லுக்கட்டுகிறோம். சத்தமில்லாமல் தானாகப் போகிற பெரிய செலவை எட்டிப் பார்ப்பதே இல்லை.

மின்சாரத்தைப் பாருங்கள். செல்போன் சார்ஜரைச் சொருகியே வைத்திருந்தால் கரன்ட் பில் ஏறும் என்று ஓடி ஓடிப் பிடுங்குவோம். போன் மாட்டாமல் சும்மா இருக்கும் நல்ல சார்ஜர் இழுப்பது 0.3 வாட் கூட இருக்காது. ஆண்டு முழுக்கச் சொருகி வைத்தாலும் 3 யூனிட்டைத் தொடாது. அதே வீட்டில் 2000 வாட் வாட்டர் ஹீட்டர் தினமும் அரை மணி நேரம் ஓடினால் நாளுக்கு 1 யூனிட், ஆண்டுக்கு 365 யூனிட். அதில் 5 நிமிடம் குறைத்தாலே ஆண்டுக்கு 60 யூனிட் மிச்சம். தினம் 5 மணி நேரம் எரிகிற 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டால் ஆண்டுக்கு 93 யூனிட் குறையும். ரிமோட்டில் அணைத்துவிட்டோம் என்று நினைக்கும் ஒரு டி.வி. செட்-டாப் பெட்டி 10 வாட் இழுத்துக்கொண்டே இருந்தால் ஆண்டுக்கு 88 யூனிட் வரை போகும். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒருமுறை இதைப் போட்டுப் பார்த்த பிறகு எதை அணைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

தள்ளுபடிக் கணக்கு

"50% தள்ளுபடி, அதற்கு மேல் 20%" என்றால் 70% குறைகிறது என்று மனம் கூட்டிக்கொள்கிறது. உண்மையில் 100 முதலில் 50 ஆகிறது, அந்த 50-இல் 20% போய் 40 ஆகிறது. ஆக, மொத்தத் தள்ளுபடி 60% தான். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது ஒரு பொருளுக்கு 33% தள்ளுபடி. அதுவும் மூன்றும் தேவைப்பட்டால் மட்டுமே. ஒன்று போதும் என்கிறவர் இரண்டுக்குக் காசு கொடுத்துவிட்டு வருகிறார்.

டெலிவரிக் கட்டணத்தைத் தவிர்க்க இன்னொரு பொருளைக் கூடையில் சேர்ப்பதும் இதே வகை. அடுத்த மாதம் எப்படியும் வாங்கப்போகிற பொருள் என்றால் சரி. இல்லாவிட்டால் கட்டணத்தைக் கட்டிவிடுவதே மலிவு.

மொத்தமாக வாங்கினால் மலிவா?

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பது நம்பிக்கை மட்டுமே. 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு என்ன விலை என்று இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தால் சில நேரம் சின்னப் பாக்கெட் ஜெயிக்கும்.

விலை உண்மையிலேயே குறைவாக இருந்தாலும் வீணாகும் பங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 100 மதிப்புள்ள பொருளை மொத்தமாக 80-க்கு வாங்கி, கால் பங்கு கெட்டுப்போய்க் குப்பைக்குப் போனால், 75 மதிப்புள்ள பொருளுக்கு 80 கொடுத்திருக்கிறீர்கள். 20% லாபம் என்று நினைத்தது நஷ்டமாகிவிட்டது. கெடாத பொருளாக இருந்தாலும் இன்னொரு தொல்லை உண்டு: நிறைய இருக்கிறதென்று கை தாராளமாக அள்ளும். சோப்புத்தூளும் ஷாம்பூவும் வேகமாகத் தீர்வது இப்படித்தான். பெரிய பாக்கெட்டைத் திறந்ததும் பழைய சின்ன டப்பாவில் மாற்றி, மீதியைக் கண்ணில் படாமல் வையுங்கள்.

கடனைத் தொடாமல் சிக்கனம்

எல்லாவற்றிலும் பெரிய கசிவு இங்கேதான். கிரெடிட் கார்டில் "குறைந்தபட்சத் தொகை" கட்டினால் போதும் என்று இருப்பதை எடுத்துக்கொள்வோம். மாத வட்டி 3%, குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5% என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பாக்கி வட்டியோடு 103 ஆகிறது. 5.15 கட்டுகிறீர்கள். பாக்கி 97.85. கட்டியதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விட்டது. பாக்கி குறையக் குறையக் கட்ட வேண்டிய தொகையும் குறைவதால், கடன் பாதியாவதற்கே 32 மாதம் ஆகும், அதுவும் புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால். அதே 5.15-ஐ மாதாமாதம் குறைக்காமல் கட்டினால் 30 மாதத்தில் கடனே முடிந்துவிடும். முதல் மாதத் தவணை இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே, இந்த மாதம் கட்டுகிற தொகையை எழுதி வைத்து, பில்லில் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் அதற்குக் கீழே இறங்காதீர்கள். பாக்கி இருக்கும்போது அந்தக் கார்டில் புதிதாக வாங்கவும் வேண்டாம். பல கார்டுகளில் பாக்கி நிற்கும்வரை வட்டியில்லாக் காலம் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

தவணைக் கடனில் "ஃப்ளாட்" வட்டி இன்னொரு கண்கட்டு. 1,00,000 கடன், 10% ஃப்ளாட், 12 மாதம் என்றால் மாதத் தவணை 9,167. வட்டி 10,000 தானே என்று தோன்றும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது, வட்டியோ முழு அசலுக்கும் கணக்காகிறது. குறையும் அசலின் மேல் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 18%. "செயலாக்கக் கட்டணம்" என்று 2% பிடித்துக்கொண்டு 98,000 கையில் கொடுத்தால் ஏறக்குறைய 22% ஆகிவிடும். கையெழுத்துப் போடும் முன் குறையும் அசலின் மீதான ஆண்டு வட்டி எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

பல கடன் இருந்தால் எல்லாவற்றுக்கும் கட்டாயத் தவணையைக் கட்டிவிட்டு, கையில் மிஞ்சுவதை வட்டி அதிகமான கடனில் கொட்டுங்கள். 6% வட்டிக்குச் சேமிப்பில் பணத்தைப் பூட்டிவிட்டு 36% வட்டிக்குக் கார்டு பாக்கியைச் சுமப்பது சேமிப்பே அல்ல. ஒரு மாதச் செலவுக்கான தொகையை அவசரத்துக்குக் கையில் வைத்துக்கொண்டு மீதியைக் கடனுக்குத் திருப்புவது சரி. கடன் தீர்ந்தபின் அந்த இருப்பை 3 முதல் 6 மாதச் செலவாக வளர்க்கலாம்.

"எதிர்பாராத" செலவு

காப்பீட்டுத் தொகை, கல்விக் கட்டணம், வண்டி டயர், பண்டிகைத் துணி எல்லாம் எப்போது வரும் என்று ஏறத்தாழ தெரியும். ஆனாலும் அவை வருகிற மாதத்தில் கடன் வாங்குகிறோம். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருகிற செலவுகளை ஒரு தாளில் எழுதி, கூட்டி, 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். ஆரம்பிக்கும்போது முதலில் வரப்போகும் செலவுக்கு 12 மாதம் இருக்காது. எத்தனை மாதம் மிச்சமோ அதால் வகுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டுத்தான் பலர் முதல் ஆண்டே கைவிட்டுவிடுகிறார்கள்.

"செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம்" என்றால் மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றோ மறுநாளோ தானாகப் பணம் மாறும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. பெரிதாகப் போட்டுவிட்டு 20-ஆம் தேதி திரும்ப எடுப்பதுதான் பழக்கத்தைக் கெடுக்கும்.

வெட்டவே கூடாத செலவு பராமரிப்பு. எஞ்சின் ஆயிலைத் தள்ளிப் போட்டால் மிஞ்சுவது ஒரு சர்வீஸ் காசு, போவது எஞ்சின். ஏ.சி. வடிகட்டியில் தூசி அடைத்தால் அதே குளிர்ச்சிக்கு அதிக நேரம் ஓடும். டயரில் காற்று குறைந்தால் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும், டயரும் ஓரங்களில் சீக்கிரம் தேயும்.

தானாகப் பணம் போகும் சந்தாக்களைக் கண்டுபிடிக்க ஆறு மாத வங்கி, கார்டு அறிக்கைகளை வைத்துத் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை வட்டமிடுங்கள். ஆண்டுச் சந்தா ஆறு மாத அறிக்கையில் தப்பிவிடலாம் என்பதால் அதை மட்டும் பன்னிரண்டு மாதத்துக்குத் தேடுங்கள். இலவசச் சோதனையில் சேர்ந்தால் அன்றைக்கே, முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக அலாரம் வையுங்கள். செயலியை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. கணக்குக்குள் போய் ரத்து செய்து, உறுதிச் செய்தியைப் பத்திரப்படுத்தி, அடுத்த மாத அறிக்கையில் அந்தப் பெயர் இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.