தெதெலெஸ்தாய்: ஒரு கிரேக்க வினையைப் பிரித்துப் படிக்கும் முறை

யோவான் 19:30இல் இயேசு சிலுவையில் சொல்லும் 'முடிந்தது' என்பது கிரேக்க மூலத்தில் 'தெதெலெஸ்தாய்' என்னும் ஒரே சொல். பகுபதத்தைப் பகுதி, விகுதி எனப் பிரித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இதைப் பிரிப்பது கடினமன்று.

விகுதியிலிருந்து தொடங்குங்கள். 'தாய்' படர்க்கை ஒருமையைக் காட்டுகிறது; முதலில் நிற்கும் 'தெ', பகுதியின் முதல் மெய்யை எகரத்தோடு இரட்டித்ததால் வந்தது. இவ்விரட்டிப்பும் இவ்விகுதியும் சேர்ந்து வந்தால், வினை நிறைவுக் காலத்தில் நிற்கிறது என்று கொள்ளலாம். எஞ்சுவது 'தெலெஸ்' என்னும் பகுதி. அகராதியில் இதைத் 'தெலெயோ' என்ற தன்மை ஒருமை வடிவத்தின் கீழ்த் தேட வேண்டும்.

அகராதி தரும் பொருள்கள் பல. இலக்கு, முடிவு என்னும் பொருளுடைய 'தெலொஸ்' என்ற பெயர்ச்சொல்லோடு உறவுடைய இவ்வினை, முடித்தல், நிறைவேற்றுதல் என்பவற்றோடு வரி செலுத்துதலையும் குறிக்கும். மத்தேயு 17:24, ரோமர் 13:6 ஆகிய இடங்களில் அப்பொருளே உள்ளது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பழங்காலப் பற்றுச்சீட்டுகளில் 'தெதெலெஸ்தாய்' என்று எழுதினார்கள், ஆகவே இயேசு 'கடன் தீர்ந்தது' என்றார் என்பது பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் விளக்கம். ஆனால் பப்பைரஸ் என்னும் பழங்கால நாணல் தாளில் எழுதிய சுங்கச் சீட்டுகளில் உள்ள சுருக்கத்தை ஆய்வாளர்கள் 'தெதெலோனேதாய்' என்ற வேறொரு வினையாகவே விரித்துப் படிக்கிறார்கள். வரியோ கடனோ பேசப்படாத இடத்தில் அப்பொருளை ஏற்றுவது முறையன்று.

காலத்துக்கு வருவோம். வெளிப்படுத்தல் 10:7இல் இதே வினை 'எதெலெஸ்தே' என வருகிறது. அது செயலை ஒரு முழுமையாக மட்டும் சுட்டும் வடிவம். நிறைவுக் காலமோ, செயல் முடிந்ததையும் அதன் விளைவு நிலைப்பதையும் ஒருங்கே சொல்லும். நம் 'முடிந்தாயிற்று', 'முடிந்திருக்கிறது' ஆகியவை அதற்கு அருகில் வருகின்றன. 2 தீமோத்தேயு 4:7இல் ஓட்டத்தை முடித்ததாகச் சொல்லும் 'தெதெலெகா' இதன் செய்வினை வடிவம். யோவானில் உள்ளதோ செயப்பாட்டுவினை, எழுவாயும் வெளிப்படையாக இல்லை.

அந்த எழுவாயைத் தேட, இரண்டு வசனம் முன்னே செல்லுங்கள். 19:28இல் 'பன்தா', அதாவது 'எல்லாம்', இதே வினையோடு வருகிறது. கிரேக்கத்தில் அஃறிணைப் பன்மை ஒருமை வினை கொள்வது வழக்கம். நாமும் 'எல்லாம் முடிந்தது' என்றுதானே சொல்கிறோம்! அதே வசனத்தில் வேதவாக்கியம் நிறைவேறுவதைச் சொல்ல யோவான் 'தெலெயியோ' என்ற உறவு வினையைக் கையாள்வதால், வெறும் ஓய்வன்று, இலக்கை எட்டிய நிறைவே பேசப்படுகிறது என்பது தெளிவாகும்.

பழைய திருப்புதல் என்னும் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் 'முடிந்தது' மூலத்தைப் போலவே ஒற்றைச் சொல்லாக நின்றாலும், உயிர் முடிந்தது என்றும் படிக்க இடம் தருகிறது. பொது மொழிபெயர்ப்பு என்னும் மற்றொரு தமிழ் வேதாகமத்தின் 'எல்லாம் நிறைவேறிற்று' அந்த ஐயத்தை நீக்குகிறது. அதற்காக 28ஆம் வசனத்தின் 'எல்லாம்' இங்கே இறங்கி வந்திருக்கிறது.