ஃபேட் பைக்குக்கு சஸ்பென்ஷன் வாங்கும் முன்

ஃபேட் பைக் எனும் தடித்த டயர் சைக்கிளுக்கு, குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன்சக்கரக் கவை) வாங்கச் செலவழிக்கும் முன், குறைந்த அழுத்தம் காட்டும் காற்று மீட்டர் ஒன்று வாங்கி, 4 அங்குல டயரை 8 முதல் 10 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை இறக்கி ஓட்டிப் பாருங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் டயரே அமுங்கிக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். தரையில் படும் பரப்பு கூடுவதால் சறுக்கலும் குறையும். மோட்டார் பட்டறை மீட்டர் சரிப்படாது. அதில் 8-க்கும் 10-க்கும் வித்தியாசமே தெரியாது, இங்கே அந்த 2 பிஎஸ்ஐதான் எல்லாமே.

தார் சாலையில் இந்த அழுத்தம் வேண்டாம், மிதிக்கவே கனக்கும். உடல் எடை அதிகமென்றாலோ சாமான் ஏற்றினாலோ ரிம் கல்லில் இடித்து டியூப் கிழியும், அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், செம்பனை மட்டை முள்ளுக்கு அழுத்தத்தைக் குறைப்பது உதவாது. அதற்கு டியூபுக்குள் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலண்ட் ஊற்றுவதுதான் வழி.